மூன்றாவது கட்டம் காலி

செவ்வாய்க்கிழமை காலை பத்தேகால் மணிக்கு மூலையாருக்கு அந்தக் கடிதம் வந்தது. பதினேழு வருடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து புரோகிராம் எழுதியே முதுகு வளைந்த மனிதர். திரையில் சிவப்பு எழுத்தில் எத்தனையோ பிழைச் செய்திகளைப் பார்த்தவர், எதற்கும் அசையாதவர். இந்தக் கடிதம் கறுப்பு எழுத்தில்தான் இருந்தது. ஆனாலும் அதை அவர் இரண்டு முறை படிக்க வேண்டியிருந்தது.

கடிதத்தில் மூன்று கட்டங்கள் போட்டிருந்தார்கள். கல்வி, பணி அனுபவம், வழிகாட்டல். முதல் இரண்டிலும் ‘சரிபார்க்க வேண்டும்’ என்று இருந்தது. மூன்றாவதில் ‘காலி’ என்று இருந்தது. அடியில் ஒரு வரி. இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் மூன்று கட்டங்களும் நிரம்பாத ஊழியர்களை நிறுவனம் அன்புடன் விடுவிக்கும். அந்த ‘அன்புடன்’ என்ற சொல்லைப் படித்தபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது.

மூலையார் என்பது அவருக்கு ஆபீஸ் வைத்த பெயர். தூணுக்கும் பிரிண்டருக்கும் நடுவில், வேறு யாருக்கும் வேண்டாத மூலையில் அவர் மேஜை. பக்கத்தில் இன்னொரு நாற்காலி. அது யாருடையதும் இல்லை. யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் அதில் வந்து உட்காருவார்கள். மூலையார் பென்சிலை எடுத்துப் பழைய அச்சுத் தாளின் பின்பக்கத்தில் கோடு போட்டு விளக்குவார். விளங்கியதும் எழுந்து போய்விடுவார்கள். அவருடைய சொந்த நாற்காலியைவிட அந்த இரண்டாவது நாற்காலியின் மெத்தைதான் அதிகம் தேய்ந்திருந்தது. அதையே சான்றாகக் காட்டலாமே என்று நீங்கள் நினைக்கலாம். அவரும் நினைத்தார். மெத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியாதே.

அந்த நிறுவனம் செய்கிற வேலை எளிமையானது. பரிசோதனைக் கூடங்களில் ரத்தம் எடுத்துப் பார்க்கிறார்கள் அல்லவா, அந்த முடிவுகளை வரிசையாக வாங்கி டாக்டர்களின் திரைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. மூலையாரின் மனைவிக்கும் அப்படியொரு பரிசோதனைக் கூடத்தில்தான் வேலை. ஆக, அவள் காலையில் ஊசி குத்தி எடுத்த ரத்தத்தின் கணக்கு, கணவர் எழுதிய புரோகிராம் வழியாகத்தான் டாக்டரிடம் போகும். இந்தக் குடும்பப் பொருத்தத்தைப் பற்றி இருவரும் ஒருநாளும் பெருமையாகப் பேசிக்கொண்டதில்லை. நேரமிருந்தால்தானே.

முதலில் கல்விக் கட்டத்துக்குப் போனார். சரிபார்ப்பு மேஜையில் இருந்த இளைஞர் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார், கல்லூரிக்கு எழுதிக் கேட்டார், மதிப்பெண்களை மூன்று முறை கூட்டினார். எல்லாம் உண்மை. ஆனால் மூலையார் அன்று படித்த கம்ப்யூட்டர் மொழி இன்றைக்கு நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட பட்டியலில் இல்லை. “நீங்க படிச்சது உண்மைதான் சார். படிச்ச விஷயம்தான் இப்ப இல்லை” என்று இளைஞர் ரொம்ப வருத்தப்பட்டார். நெடுநேரம் யோசித்து, ‘இல்லாததை உண்மையாகப் படித்தவர்’ என்று எழுதி முத்திரை குத்தினார். கட்டம் நிரம்பியது. மூலையார் அவருக்கு இரண்டு முறை நன்றி சொன்னார்.

பணி அனுபவம் இன்னும் சிக்கல். முதல் ஐந்து வருடம் அவர் வேறொரு சின்ன நிறுவனத்தில் இருந்தார். அதை இந்தப் பெரிய நிறுவனம் மேஜை நாற்காலி ஆட்கள் சகிதம் அப்படியே வாங்கிவிட்டது. இப்போது அந்தப் பழைய நிறுவனத்திடம் அனுபவக் கடிதம் வாங்கி வரச் சொன்னார்கள். அதன் முகவரியைத் தேடிப் பார்த்தால் இதே கட்டடம். விண்ணப்பம் கீழ்மாடியில் புறப்பட்டு நான்கு மாடி ஏறி, பழைய நிறுவனத்து ஆள் என்று பதிவேட்டில் மிச்சமிருந்த ஒரே ஊழியரின் மேஜைக்கு வந்து சேர்ந்தது. அந்த ஊழியர் மூலையார்தான்.

தனக்குத் தானே சான்று கொடுப்பது விதிப்படி குற்றம். சம்பந்தப்பட்டவர் இல்லாத நேரத்தில்தான் எழுத வேண்டும். அதனால் மூலையார் பத்து நிமிடம் வாசலுக்குப் போய் நின்றார். மேலே தன்னைப் பற்றி என்ன எழுதப்போகிறார்களோ என்று அங்கே நின்று உண்மையாகவே பயந்தார். பிறகு மேலே வந்து, ‘இவரை எனக்கு நெருங்கிய பழக்கமில்லை, கேள்விப்பட்டவரை பரவாயில்லை’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டார்கள்.

மூன்றாவது கட்டத்துக்குப் படிவ அம்மாவைப் பார்க்க வேண்டியிருந்தது. மனிதவளத் துறையில் எல்லாப் படிவங்களும் அந்த அம்மாவிடம்தான் பிறந்து வளர்ந்தன, அதனால் அந்தப் பெயர். வழிகாட்டல் என்றால் வாயால் சொன்னால் போதாது என்று அவர் விளக்கினார். அதற்கு ‘அறியாமை ஒப்புதல் படிவம்’ என்று ஒன்று உண்டு. முதல் பகுதியில் கற்றுக்கொண்டவர், இன்ன தேதிவரை எனக்கு இன்ன விஷயம் தெரியாது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாம் பகுதியில் கற்பித்தவர் பெயரை எழுத வேண்டும். தெரியாது என்று எழுதிவிட்டு அது தெரிந்தவராக யாராவது பிடிபட்டால் அன்றைக்கே வேலை போய்விடும். எப்போதோ பிழை வந்து மாட்டிக்கொண்டு அழாக்குறையாக நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர்கள் எத்தனை பேர் என்று மூலையார் எண்ணிப் பார்த்தார். இருபத்து மூன்று பேர் இதே மாடியில் இருந்தார்கள். ஒரே ஒருவர் போட்டால்கூடப் போதும் என்றார் படிவ அம்மா. மூலையாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

அந்த உயிர் ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. நேராகக் கண்ணாடிக்காரியிடம் போனார். இன்று பன்னிரண்டு பேர் கொண்ட அணிக்குத் தலைவி. எட்டு வருடத்துக்கு முன் மூன்று மாதம் அந்த நாற்காலியிலேயே குடியிருந்தவள். படிவத்தை வாங்கிப் படித்தவள், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சார், நீங்க சொல்லிக் குடுத்ததுதான். நான் இல்லேங்கலை. ஆனா வேலைக்குச் சேரும்போதே எல்லாம் தெரியும்னு எழுதிக் குடுத்திருக்கேன். இப்பத் தெரியாதுன்னு எழுதினா அது பொய்யாயிடும். எழுதலைன்னா இது பொய்யாயிடும். ரெண்டு பொய்ல பழைய பொய்தான் சார் பாதுகாப்பு.”

மற்றவர்களும் அதே பாட்டைத்தான் வேறு வேறு ராகத்தில் பாடினார்கள். ஒருவர் தனக்குக் கருவிலேயே தெரியும் என்றார். இன்னொருவர், மூலையார் சொன்னது நினைவிருக்கிறது, தான் கேட்டதுதான் நினைவில்லை என்றார். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பக்கம் ஆள் நடமாட்டமே நின்றுபோனது. பிரிண்டரில் தாள் எடுக்க வருகிறவர்கள்கூட நாற்காலியைத் தொடாமல் பக்கவாட்டில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு போனார்கள், ஏதோ தொற்றுநோய் அதில் உட்கார்ந்திருப்பதைப் போல.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தவள், மடிப்பதை நிறுத்தினாள்.

“இருபத்தி மூணு பேர்ல ஒருத்தர்கூடவா? மனுஷங்கதானே அவங்கல்லாம்?”

மனுஷர்கள்தான், அவர்களுக்கும் கட்டம் காலி, அடுத்த மாதம் அவர்கள் முறை, அதுதான் பயம் என்றார். அந்த நேரம் பார்த்து ஒன்பதாவது படிக்கும் மகள் கணக்கு நோட்டோடு வந்து நின்றாள். தினமும் சாயங்காலம் அப்பாவிடம் ஒரு கணக்காவது கேட்காமல் அவளுக்குப் பொழுது போகாது. மூலையார் பென்சிலை எடுத்தார். இரண்டு கோடு போட்டதும் அவருக்கு நெஞ்சு லேசானது, குரல் திடமானது. மனைவி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இந்த வேலை போனால் இந்த மனிதர் என்ன ஆவார் என்று அவளுக்கும் கவலை வந்தது. மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

இருபதாம் தேதி விசாரணை. பல் கிட்டிப்போகிற அளவுக்கு ஏசி போட்ட அறையில் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் தகுதி மீளாய்வுக் குழுவின் தலைவர். இந்தத் தலைவரைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். பதினோரு வருடத்துக்கு முன் இவர் புதுப் பையனாக இருந்தபோது ஒருநாள் முடிவுகளின் வரிசை நின்றுபோனது. வரிசையின் முதலில் கெட்டுப்போன ஒரு பதிவு மாட்டிக்கொண்டால் பின்னால் இருப்பதெல்லாம் நின்றுவிடும். அந்த ஒன்றை மட்டும் நகர்த்தி ஓரமாக வைத்தால் மற்றவை ஓடும். இவர் பதற்றத்தில் வரிசையையே அழித்துவிட்டார். முகமெல்லாம் வியர்த்து, “அண்ணே, என்னைக் காப்பாத்துங்கண்ணே” என்று வந்து அந்த நாற்காலியில் விழுந்தார். மூலையார் பத்திரமாக எடுத்து வைத்திருந்த மாற்றுப் பிரதியிலிருந்து எல்லாவற்றையும் மீட்டுக் கொடுத்து, எப்படி நகர்த்துவது என்று பொறுமையாகச் சொல்லியும் கொடுத்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை.

இப்போது அந்தத் தம்பியை மூலையார் சார் என்றுதான் கூப்பிட வேண்டும். கூப்பிட்டார். தலைவர் கோப்பைப் புரட்டியபடியே பேசினார்.

“இந்த நிறுவனத்துல எதுவும் தெரியாதவங்கன்னு ஒருத்தரும் இருந்ததே இல்லை. அதுதான் நம்ம பெருமை. நான் சேர்ந்த நாள்லேர்ந்து எனக்கு ஒரு சந்தேகம்கூட வந்ததில்லை. தெரியாதவங்களே இல்லாத இடத்துல நீங்க யாருக்குச் சொல்லிக் குடுத்திருக்க முடியும், சொல்லுங்க? அப்படிச் சொன்னா அது எங்க எல்லாரையும் அவமானப்படுத்துறதாகாதா?”

 உண்மையைச் சொன்னால் இங்கேயே தலை போகும், சொல்லாவிட்டால் சாயங்காலம் போகும். அவர் திருதிருவென்று முழித்தார். அதைக் குழு பணிவு என்று குறித்துக்கொண்டது.

அப்போது குழுவில் ஒருவரான படிவ அம்மா ஒரு வழி சொன்னார். குழுவில் இருக்கும் ஐந்து பேருக்கும் மூன்றாவது கட்டம் காலி. தெரியாதவர் ஒருவர் கிடைத்தால் ஐந்து பேரும் அவருக்கு வழிகாட்டிகளாகிவிடலாம். அந்த ஒருவருக்குப் பயிற்சி ஊழியர் என்று பதவி. பயிற்சி ஊழியர்களுக்கு மூன்றாவது கட்டமே கிடையாது, ஆகவே விடுவிக்கவும் முடியாது. அறையில் இருந்த பத்துக் கண்களும் ஒரே சமயத்தில் மூலையாரின் மேல் விழுந்தன.

ஐந்து படிவங்களிலும் அவர் கையெழுத்துப் போட்டார். எனக்குப் பிழை திருத்தத் தெரியாது. எனக்கு மாற்றுப் பிரதி எடுக்கத் தெரியாது. இப்படி வரிசையாக. நின்றுபோன வரிசையை ஓட வைக்கத் தெரியாது என்ற படிவத்தைத் தலைவர் தனக்கென்று ஆசையாகத் தேர்ந்தெடுத்து, இரண்டாம் பகுதியில் தன் பெயரை அழகாக எழுதிக்கொண்டார். அதை அவர் பயந்து பயந்து கற்றுக்கொண்ட நாள் நினைவில் இருந்ததோ என்னவோ. பதினேழு வருட அனுபவம் உள்ள மனிதர் சாயங்காலம் நாலரை மணிக்குப் புது ஆளாக வெளியே வந்தார். வேலை பிழைத்தது என்ற நிம்மதியில் லிப்ட் பொத்தானை அழுத்தப் போனவர், இது தெரியாது என்று எங்கேயாவது எழுதிக் கொடுத்தோமா என்று ஒரு நொடி யோசித்தார்.

அதற்குப் பிறகுதான் நிஜமான பயம் ஆரம்பித்தது. பயிற்சி முடியும்வரை, தெரியாது என்று எழுதிக் கொடுத்ததைத் தெரியாமலே வைத்திருக்க வேண்டுமே. பக்கத்து மேஜையில் ஒருவர் தப்பாகத் தட்டுவது கண்ணில் படும், கை துறுதுறுக்கும். மூலையார் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வார். பென்சில்களைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார்.

ஒன்பதாம் நாள் பதினொரு மணிக்கு வரிசை நின்றுவிட்டது. திரைகளில் ஒரே எண் அசையாமல் நின்றது. மாடி முழுவதும் சத்தம் அடங்கியது. எல்லோரும் கண்ணாடிக்காரியைப் பார்த்தார்கள். கண்ணாடிக்காரி, சான்றிதழ் பெற்ற வழிகாட்டி தலைவர்தானே என்று அவர் அறையைப் பார்த்தாள். தலைவர் வெளியே வந்தார், திரையைப் பார்த்தார், உள்ளே போனார். பத்து நிமிடத்தில் சுற்றறிக்கை வந்தது. வரிசை நிற்கவில்லை, நிதானமாக இயங்குகிறது. நின்றதாக எண்ணும் ஊழியர்கள் அறியாமை ஒப்புதல் படிவம் நிரப்பலாம். ஒருவரும் எண்ணவில்லை. அசையாத திரை முன்னால் உட்கார்ந்து எல்லோரும் மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மூலையாரின் போன் அடித்தது. மனைவி.

“என்னங்க, இங்கேர்ந்து அனுப்புற ரிசல்ட் எதுவுமே டாக்டருக்குப் போகலை. ஒரு சின்னக் குழந்தை, காய்ச்சல், ரத்தத்துல பிளேட்லெட் ரொம்பக் குறைஞ்சிருக்கு. டாக்டர் ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரியில இருக்காங்க, போன்ல சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க, திரையில வரணுமாம். அங்க என்னதான் நடக்குது?”

வரிசை நிதானமாக இயங்குகிறது என்று சொல்ல வாயைத் திறந்தார்.  போனை வைத்தார்.  பிடிபட்டால் வேலை அன்றைக்கே போகும். மகளின் முகம் வந்தது. பிறகு முகம் தெரியாத அந்தக் குழந்தையும் வந்தது. அது போகவில்லை.

பிரிண்டருக்குப் பக்கத்தில் எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கணினி ஒன்று உண்டு, எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல். தாள் மாட்டிக்கொண்டதைப் பார்க்கிறவர் போல அங்கே போய்க் குனிந்தார். நான்கு நிமிடம். கெட்டுப்போன பதிவை நகர்த்தி ஓரமாக வைத்தார். திரைகளில் எண்கள் சரசரவென்று ஓடத் தொடங்கின. மூலையார் ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு தன் இடத்துக்கு வந்து கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வரிசை ஓடியதில் எல்லோரும் மகிழ்ச்சியடைந்தார்களா? நல்ல கதை. மதியமே விசாரணை தொடங்கிவிட்டது. வரிசை நிற்கவே இல்லை என்று சுற்றறிக்கை சொல்கிறது. நிற்காத ஒன்றை யாரோ ஓட வைத்திருக்கிறார்கள். பழுதாகாததைப் பழுது பார்த்தது ஒரு குற்றம். அனுமதியில்லாமல் தெரிந்து வைத்திருந்தது இரண்டாவது குற்றம். படிவ அம்மா பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக வந்தார். மூலையாரின் முறை வந்தது. எழுந்து நின்றவர் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்க உக்காருங்க சார்” என்றார் படிவ அம்மா கனிவாக. “உங்களுக்குத் தெரியாதுன்னு எழுத்துல இருக்கு. இந்த மாடியிலேயே சந்தேகத்துக்கு இடமில்லாத ஆள் நீங்க ஒருத்தர்தான்.”

அந்தப் பதிவேட்டின்படி, நின்ற வரிசையை ஓட வைக்கத் தெரிந்தவர் என்று சான்று பெற்ற ஆள் நிறுவனத்திலேயே ஒருவர்தான் இருந்தார். படிவ அம்மா அந்தப் பெயரைப் படித்தார், மறுபடி படித்தார், பிறகு மெதுவாகத் தலைவரின் அறைப் பக்கம் நடந்தார்.

மறுநாள் காலை தலைவர் மூலைக்கு வந்தார். பதினோரு வருடத்துக்கு முன் வந்த அதே முகம், அதே வியர்வை. இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்தார். கையில் அறியாமை ஒப்புதல் படிவம்.

“அண்ணே” என்றார். “சாயங்காலத்துக்குள்ள வரிசையை ஓட வைக்க எனக்குத் தெரியாதுன்னு நிரூபிக்கணும். இல்லைன்னா என் வேலை போயிடும். அதனால உண்மையைத்தான் எழுதியிருக்கேன். அன்னிக்கு எனக்குத் தெரியாது, நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க, அதுவும் இப்ப மறந்துபோச்சு. ரெண்டாம் பகுதியில உங்க பேரைப் போட்டுடறேன். உங்க மூணாவது கட்டமும் நிரம்பிடும்ணே.”

பேனா இரண்டாம் பகுதிக்கு மேல் நின்றது. ஒவ்வொரு மேஜையாக மூலையார் கெஞ்சி அலைந்த கையெழுத்து அது. அவர் அந்தப் பேனாவையே பார்த்தார். கற்றுக் கொடுத்தவர் என்றால் தெரிந்தவர் என்று அர்த்தம். தெரிந்தவர் என்றால் நேற்று செய்தவர் யார்?

“வேண்டாம் சார்” என்றார். தலைவரின் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “என் பேரை எழுதிடாதீங்க. உங்க கால்ல விழறேன். எனக்கு ஒண்ணும் தெரியாது சார். நான் யாருக்கும் எதுவும் சொல்லிக் குடுத்ததே இல்லை.”

 நேற்று செய்தது யார் என்று தலைவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. பெரிய மனது பண்ணி, கற்பித்தவர் என்ற இடத்தில் ‘வரிசை’ என்று எழுதினார். அதாவது அந்த வரிசையே அவருக்குக் கற்பித்தது, அதுவேதான் தன்னைத் தானே சரிசெய்துகொண்டது. குழு கூடி அதை ஏகமனதாக ஏற்றது. ஆண்டின் சிறந்த வழிகாட்டி என்று வரிசைக்குச் சான்றிதழ் கொடுத்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வேறு இடம் இல்லாததால் மூலையாரின் தலைக்கு மேல் தூணில் மாட்டினார்கள். எல்லோரும் கை தட்டினார்கள். மூலையாரும் தட்டினார். இனிமேல் தேவைப்படாது என்று இரண்டாவது நாற்காலியை அன்று மாலையே தூக்கிக்கொண்டு போனார்கள்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். அந்தக் குழந்தைக்கு நேரத்தோடு ரத்தம் ஏற்றிவிட்டார்களாம், பிழைத்துக்கொண்டதாம். “யாரோ ஒரு புண்ணியவான் சரி பண்ணியிருக்கார்” என்று சொல்லி அவர் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள். மூலையார் செருப்பைக் கழற்றிக்கொண்டே அப்படியா என்றார்.

மகள் நோட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அப்பா, இந்தக் கணக்கு…”

“தெரியாதும்மா” என்றார் மூலையார்.

அவள் இன்னும் நோட்டைத் திறக்கவே இல்லை.